பழைய பால் டப்பாவா, புதியதா? வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த குழந்தைக்குப் பால் மாற்றும் வழிகள்

காப்பகத்திலிருந்து குழந்தையோடு இரண்டு டப்பா பவுடர் பாலும் பெட்டியில் ஏறி வந்திருக்கும். அது பத்து நாள் தாங்கும். அதே பால் இங்கே கிடைக்காது. பழையதையே எப்படியாவது வரவழைத்துத் தொடர்வதா, புதியதை மெல்லக் கலந்து மாற்றுவதா, ஒரேயடியாக மாற்றிவிடுவதா?

பழையதைத் தொடர்வதற்கு என் ஓட்டு உண்டு, ஆனால் கொஞ்ச காலத்துக்கு மட்டும். குரல், வாசனை, மொழி, படுக்கை எல்லாமே ஒரே நாளில் மாறிப்போன குழந்தைக்குத் தெரிந்ததென்று மிஞ்சியிருப்பது அந்தப் பாலின் ருசிதான். அதையும் முதல் வாரத்திலேயே பிடுங்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால், டப்பாவின் பெயர் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். எத்தனை மில்லி தண்ணீருக்கு எத்தனை கரண்டி போட்டார்கள், சர்க்கரையோ அரிசி மாவோ சேர்த்தார்களா, எவ்வளவு சூடாகக் கொடுத்தார்கள் என்றும் கேட்டுவைக்க வேண்டும். அப்புறம் நிப்பிள். ஒருவரே பல குழந்தைகளுக்குப் பால் புகட்ட வேண்டிய இடத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று நிப்பிளின் துளையைப் பெரிதாக்கி வைப்பது உண்டு. பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டாமல் கம்பியாக ஒழுகும். அதற்குப் பழகிய வாய்க்கு நம் வீட்டு நிப்பிள் இழுத்தாலும் வராது, குழந்தை அழும். பால்தான் பிடிக்கவில்லை என்று நாம் டப்பாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கலந்து மாற்றுவதுதான் பலரும் சொல்லும் வழி. 120 மில்லி பாட்டிலில் 90 பழையது, 30 புதியது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி. பிறகு 30க்கு 90. எட்டு, பத்து நாளில் முடிந்துவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டப்பாவின் கரண்டி 30 மில்லிக்கு ஒன்று என்றிருக்கும், இன்னொன்றுடையது 60 மில்லிக்கு ஒன்று. இரண்டு பவுடரையும் ஒரே பாட்டிலில் கொட்டிக் குலுக்கினால் கணக்கு கெட்டுவிடும். பால் கெட்டியானால் மலச்சிக்கல், சிறுநீரகத்துக்குச் சுமை. நீர்த்துப்போனால் எடை ஏறாது. அந்தந்த டப்பாவின் கரண்டியால், அந்தந்த அளவில் தனித்தனியாகக் கரைத்து, அப்புறம் பாலோடு பாலாகச் சேர்ப்பதே சரி. தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வழிகாட்டுதல். பவுடரில் கிருமி அறவே இல்லை என்று சொல்ல முடியாது என்பதே காரணம். நன்றாக ஆறவைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும்.

நாளுக்கு ஒரு பாட்டில் மட்டும் புதியது, மற்றவை பழையது என்று போவோரும் உண்டு. கலக்கும் வேலை மிச்சம். ருசி பார்த்துக் குடிக்கும் குழந்தையானால் அந்த ஒரு பாட்டிலை மட்டும் தள்ளிவிடும்.

ஒரேயடியாக மாற்றுவதும் பாவமில்லை. பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட சாதாரணக் குழந்தைப் பால் எந்தப் பெயரில் வந்தாலும் சத்துக் கணக்கு பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும்; 100 மில்லிக்கு 60 முதல் 70 கிலோகலோரி என்பது சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் அளவுகோல். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குச் சில நாள் வாயு, மலத்தின் நிறத்தில் மாற்றம், அவ்வளவுதான். டப்பா காலாவதியாகியிருந்தாலோ, அங்கே கொடுத்தது தண்ணீர் கலந்த வெறும் பசும்பாலாக இருந்தாலோ இழுத்தடிக்கத் தேவையே இல்லை. ஆனால் எடை மிகவும் குறைந்த, நோஞ்சான் குழந்தையென்றால் எந்த வழியையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

சோயா பாலுக்கும் லாக்டோஸ் (பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை) இல்லாத பாலுக்கும் தாவுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. "ஆசியக் குழந்தை, லாக்டோஸ் ஒத்துக்காது" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சிக்கல் தலைகாட்டுவது பொதுவாகக் குழந்தை சில வயது வளர்ந்த பிறகுதான். பிறவியிலேயே இருப்பது மிக மிக அரிது. காப்பகத்திலிருந்து வந்த குழந்தைக்குப் பேதி நிற்கவில்லையென்றால் முதலில் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்யுங்கள். பேதிக்குப் பின் குடல் தேறும் வரை தற்காலிகமாக லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அதை மருத்துவர் சொல்லட்டும். உடம்பில் தடிப்பு, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் கலப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் கணக்கு இது: இரண்டு வாரம் பழையது, பத்து நாள் கலவை, அந்த நாட்களில் நிப்பிளையோ பாட்டிலையோ மாற்றாமல் இருப்பது. கொண்டுவந்தது பத்து நாளுக்குத்தான் என்றால் நான்காம் நாளே கலக்கத் தொடங்கலாம். அப்போதும் குழந்தை முகத்தைத் திருப்பினால், இன்னொரு டப்பா வாங்க ஓடும் முன் பாலின் சூட்டைப் பாருங்கள். அங்கே நாம் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பாகக் கொடுத்திருக்கலாம்.