ஐஸ் ட்ரேயா, ஐஸ் மேக்கரா? சுத்தத்தை வைத்து ஓர் ஒப்பீடு

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி குளிரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகாமல் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். ஐஸ் உருகியதும் மறுபடி தலைதூக்கும். வாந்திபேதி தரும் நோரோவைரஸும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உறைநிலையைத் தாங்கிப் பிழைப்பவை. ஐஸ்கட்டியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை, நேராகக் குடிக்கும் கிளாஸில் போடுகிறோம். அதனால் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் வேகம், வடிவம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். தண்ணீர் படுகிற ஒவ்வொரு மூலையையும் உங்கள் கையால் தேய்த்துக் கழுவ முடியுமா? முதலில் அதைப் பாருங்கள்.

இந்தக் கேள்வியில் சாதாரண ட்ரே எளிதாக ஜெயிக்கிறது. கெட்டி பிளாஸ்டிக் ட்ரேயில் வாடை அவ்வளவாக ஏறாது. ஆனால் ஐஸை எடுக்கத் தினமும் முறுக்கி முறுக்கி, குழிகளின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விழும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். அங்கே அழுக்கு தங்கிவிட்டால் எந்த ஸ்க்ரப்பரும் எட்டாது, மாற்றிவிடுவதுதான் வழி. சிலிகான் ட்ரேயில் கட்டி சுலபமாகக் கழன்று வரும், விரிசலும் விழாது. அதன் குறை வேறு: எண்ணெய்ப் பிசுக்கையும் ஃப்ரீசர் வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காலி ட்ரேயை மூக்கருகே கொண்டுபோனாலே மீன் வாடையோ பூண்டு வாடையோ தெரிந்துவிடும். பாத்திர சோப்பு போட்டு வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் தணியும். எவர்சில்வர் ட்ரேக்கு வாடையும் இல்லை, விரிசலும் இல்லை. நெம்புகோல் வைத்த மாடலாக இருந்தால் அதன் இணைப்புகளைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

மூன்றில் எதை எடுத்தாலும் மூடி உள்ளதாக எடுங்கள். என் கணக்கில் பொருளைவிட மூடிதான் முக்கியம். பனி படியாத வகை ஃப்ரிட்ஜில் ஃபேன் காற்றைச் சுற்றவிடுகிறது. திறந்த ட்ரே அந்த வாடையை எல்லாம் வாங்கிக்கொள்ளும், கட்டியும் நாளாக ஆக ஆவியாகிச் சுருங்கும். மேல்தட்டில் பச்சை இறைச்சி இருந்தால் அது சொட்டும் ஆபத்தும் உண்டு.

ஃப்ரிட்ஜிலேயே இருக்கும் தானியங்கி ஐஸ் மேக்கர் சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் வரும் குழாயும் வால்வும் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன. கார்பன் ஃபில்டர் வாடையோடு குளோரினையும் எடுத்துவிடுவதால், அதைத் தாண்டிய தண்ணீருக்குப் பாதுகாப்பு குறைவு. ஃபில்டரைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். புதிதாகப் பொருத்தியதும், ஊருக்குப் போய்த் திரும்பியதும் விழும் முதல் ஐஸைக் கொட்டிவிடுங்கள். ஐஸ் விழும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் தங்கும் அந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் கறுக்கும்.

மேசை மேல் வைக்கும் சின்ன மெஷின்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. பத்து நிமிடத்துக்குள் முதல் கட்டிகள் விழுந்துவிடும், விருந்தாளிகள் வந்தால் பெரிய உதவி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் கூடை உறைநிலையில் இருப்பதில்லை. கட்டி மெல்ல உருகி, அந்தத் தண்ணீர் தொட்டிக்கே இறங்கி, திரும்ப ஐஸாக வரும். யாராவது வெறுங்கையை விட்டு அள்ளினால் கையில் இருந்ததும் அதே சுற்றில் சேர்ந்துவிடும். தொட்டியின் உள்மூலையை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது கிருமிகள் கட்டிய படலம். சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தினால் தண்ணீர் சுற்றுமே தவிர, படலம் தானாகப் போகாது. வினிகர் உப்புக்கறையை நீக்கும், ஆனால் அதைக் கிருமிநாசினியாக நம்ப முடியாது. மெஷினின் கையேடு அனுமதிக்கும் கிருமிநாசினியைப் பிறகு தனியாகப் பயன்படுத்தி, நன்றாக அலச வேண்டும். வினிகரையும் ப்ளீச்சையும் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். வேலை முடிந்த அன்றே தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து காயவிடுங்கள். இதைச் செய்ய நேரமில்லாதவர்களுக்கு இந்த மெஷின் வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, அப்படியே குடிக்கத் தயங்கும் தண்ணீரை உறையவைத்து ஐஸ் செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டு (2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் 3 நிமிடம்), மூடிவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் குளோரின் இருக்காது, அதனால் அன்றன்று பிடித்ததுதான் நல்லது.

உறைந்ததும் ட்ரேயிலேயே விடுவதைவிட மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுவது மேல். ஜிப் பை காற்றை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் உள்மடிப்பைக் கழுவுவது கஷ்டம் என்பதால் திரும்பப் பயன்படுத்த டப்பாதான் சரி. அள்ள ஒரு கரண்டியோ இடுக்கியோ வெளியே தனியாக இருக்கட்டும். கண்ணாடி டம்ளரால் அள்ளாதீர்கள்; சில்லு உடைந்து விழுந்தால் ஐஸுக்குள் கண்ணுக்குத் தெரியாது. கைக்குழந்தையோ, முதியவரோ, எதிர்ப்புசக்தி குறைந்தவரோ இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது மூடியுள்ள ட்ரே, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு டப்பா. மின்சாரம் போய் வந்தபின் அந்த டப்பாவில் கட்டிகள் ஒட்டி ஒரே பாளமாகிக் கிடந்தால், நடுவில் உருகியிருக்கிறது என்று அர்த்தம். டப்பாவைக் காலிசெய்து கழுவிக் காயவைத்து, புதிதாக நிரப்புங்கள்.