அம்மாவின் கையொப்பம் பொருந்தவில்லை

ஐந்து வருடத்துக்குப் பிறகு கொழும்பு போய், பதினெட்டு நாள் நின்றுவிட்டு லண்டனுக்குத் திரும்பியிருக்கிறேன். விமான நிலையம், ஓட்டோ, சாப்பாடு எல்லாம் நன்றாகவே இருந்தன, அவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையில் கழிந்த மூன்று காலைகளைப் பற்றி எழுதாவிட்டால்தான் எனக்கு மனம் ஆறாது.

அம்மாவுக்கு 86 வயது. 34 வருடம் படிப்பித்தவர். அப்பா போனபிறகு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறார். பகலில் உதவிக்கு ஒரு பிள்ளை வந்து போகிறாள். காதிலோ ஞாபகத்திலோ ஒரு குறையும் இல்லை. வலது கை மட்டும் இரண்டு வருடமாக நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்.

அவருடைய நிலையான வைப்பு முதிர்ந்திருந்தது. முதியோருக்கு 15 வீத வட்டி கொடுத்த காலத்தில் தொடங்கிய வைப்பு அது. அந்த விசேட வட்டி 2022இன் பிற்பகுதியில் நின்றுபோனது. அதே வருடம் செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி பன்னிரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் ஏறியிருந்தது. வட்டியை நம்பிச் சீவித்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. அதற்குப் பிறகு வட்டி ஏறியதையும் இறங்கியதையும் அம்மா ஒரு பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். இந்த முறை பாதியை எடுத்து இடது கண் புரைக்குச் சத்திரசிகிச்சை செய்வது, மிச்சத்தைத் திரும்ப வைப்பில் போடுவது என்று அவரே கணக்குப் பார்த்து முடிவெடுத்திருந்தார். என் வேலை கூடப் போவது மட்டும்தான்.

முதல் நாள் டோக்கன் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். கவுன்டரில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை. அம்மாவின் அடையாள அட்டையைப் பார்த்தாள் (கடைசியில் V எழுத்து வருகிற பழைய அட்டைதான்). பாஸ்புக்கைப் பார்த்தாள், படிவத்தைத் தள்ளினாள். அம்மா கையொப்பம் வைத்தார். அந்தப் பிள்ளை கணினித் திரையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொருந்தேல்லை அம்மா, இன்னொருக்கா வையுங்கோ" என்றாள்.

திரையில் இருந்தது 1991இல் கணக்குத் திறந்தபோது வைத்த மாதிரிக் கையொப்பம். எட்டிப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து அறிக்கைகளில் பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் வருடக்கணக்காகப் பார்த்த அதே கையெழுத்து. தமிழில், முதல் எழுத்தின் சுழி நல்ல வட்டமாக, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் வந்து முழுப் பெயருக்கும் அடியில் ஓடும். இப்போது அந்தச் சுழி அப்படியே வருகிறது. நடுவில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. கோடு பாதி தூரம் வந்து, நடுங்கி, மேலே ஏறிவிடுகிறது. அந்தச் சுழியைப் பார்த்தால் எனக்குத் தெரியும், இது அம்மாதான் என்று. கணினியின் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஏழு தடவை வைத்தார். ஏழும் பொருந்தவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அப்புறம் அந்தப் பிள்ளை அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, அம்மாவுக்கு எழுத ஏலாதுதானே. கைநாட்டு வைப்பம். இல்லாட்டி உங்கட பேரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கா மாத்துவம்."

அம்மா பேனையை மூடி மேசையில் வைத்தார். "நான் நாளைக்கு வாறன்" என்று எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போதுதான் சொன்னார்: "எத்தினை ஆயிரம் பிள்ளையளுக்கு ஆனா எழுதப் பழக்கினனான் தம்பி. நான் கைநாட்டு வைக்கிறதே?"

கைநாட்டு என்ற சொல் எங்கள் ஊரில் எப்படிப் பாவிக்கப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளை அதை நினைத்துச் சொல்லவில்லை, அவளுக்கு அது ஒரு நடைமுறை. ஆனாலும் எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. கைநாட்டைவிட என்னைச் சுட்டது வேறு ஒன்று. காசு அம்மாவுடையது, முடிவு அம்மாவுடையது, எதிரில் இருப்பதும் அம்மா. கை நடுங்கிய அந்த நிமிடத்திலிருந்து பேச்சு அவருடைய தலைக்கு மேலால் எனக்கு வருகிறது. வயது போவது என்றால் இதுதானோ என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

லண்டனை நினைத்துப் பார்த்தேன். அங்கே கடையில் வங்கி அட்டைக்குக் கையொப்பம் வைக்கிற பழக்கமே 2006 பெப்ரவரியோடு போய்விட்டது, எல்லாம் நான்கு இலக்க எண். காசோலையையும் 2018இல் நிறுத்தப்போவதாக 2009இல் அறிவித்தார்கள். வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்ற எதிர்ப்பு வலுத்து, 2011இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். என் வீட்டுக்குக் கிட்ட இருந்த வங்கிக் கிளையோ மூடி நாலு வருடம். இப்போது தொலைபேசியில் வரும் ஆறு இலக்கத்தை நேரத்துக்குள் தட்ட வேண்டும், மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் நேரம் போய்விடும். எனக்கு 62 வயது. 60இல் விண்ணப்பித்தால் லண்டனில் பஸ்ஸும் ரயிலும் பெரும்பாலான நேரம் இலவசம். பஸ் பாதையோரம் சாய்ந்து நிற்கும், காலைத் தூக்கத் தேவையில்லை. கொழும்பில் 101 பஸ்ஸில் அந்த உயரப் படியில் அம்மாவை ஏற்றும்போது இதெல்லாம் இங்கே எப்போது வரும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பஸ்ஸில் அம்மா ஏறி முடிக்கும்வரை நடத்துநர் மணி அடிக்கவில்லை, ஒரு பெடியன் சொல்லாமலே எழுந்து இடம் விட்டான். லண்டனில் எனக்கு யாராவது கடைசியாக எப்போது எழுந்து இடம் விட்டார்கள் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து பார்த்தால், அம்மா சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கையொப்பம் எழுதிப் பழகுகிறார். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தபடி. ஒரு தாளில் ஆறு, அடுத்ததில் ஆறு. சரியாக வந்ததாக அவருக்குத் தோன்றியவற்றுக்குப் பக்கத்தில், கொப்பி திருத்துவதுபோலச் சின்னதாய் ஒரு சரி போட்டிருந்தார். நான் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். அன்று போனோம். அன்றும் பொருந்தவில்லை.

வங்கியை முழுதாகக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பிள்ளைகளும் உறவுகளும் வயதானவர்களின் காசைச் சுருட்டிய கதைகள் எங்களில் எல்லோருக்கும் தெரியும். கையொப்பத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 1991இல் வைத்த கையொப்பம் இன்றைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்த உடம்பிடம் கேட்பது?

மூன்றாம் நாள் கவுன்டருக்கே போகவில்லை. உள்ளே கண்ணாடி அறையில் இருந்த உதவி முகாமையாளரிடம் நேரே போனேன். சண்டை போடுவதென்றுதான் போனேன். மட்டக்களப்புப் பேச்சு, முப்பது வயதிருக்கும். என்னைக் கையமர்த்திவிட்டு வெளியே வந்து, அம்மா இருந்த கதிரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். "டீச்சர், என்ன பாடம் படிப்பிச்சீங்க?" என்று தொடங்கினார். பிளேன்டீ வந்தது. அம்மா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்து முடிக்கும்வரை படிவத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு புதிய அட்டையை எடுத்து வந்தார். "பழசுக்குப் பொருந்த வேணாம் டீச்சர். இப்ப எப்பிடி வருதோ அப்பிடி மூணு தரம் வைங்க. இனி இதுதான் உங்கட கையொப்பம்."

மாதிரிக் கையொப்பத்தைப் புதுப்பிப்பது. அவ்வளவுதான் விஷயம். அடையாள அட்டையைச் சரிபார்த்து, இரண்டு உத்தியோகத்தர்கள் ஒப்பமிட்டு, பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் நாளே இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். வயதான பெற்றோரோடு வங்கிக்குப் போகிறவர்கள் முதலிலேயே இதைக் கேளுங்கள், அவர்களை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப எழுத விடாதீர்கள்.

அம்மா அட்டையைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் கை இதைவிட மோசமானால்?" என்று கேட்டார்.

"வாங்க டீச்சர், அப்பவும் புதுசு எடுப்பம்" என்றார் அவர்.

கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டது. நேற்றுத் தொலைபேசியில், இப்போது எழுத்து நல்ல துலக்கமாகத் தெரிகிறது என்று சொன்னார். காலையில் நாட்காட்டித் தாளில் எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். விடவில்லையாம். அடிக்கோடு இப்போது கடைசிவரை வருகிறதாம்.