இன்ஃபோசிஸ்: லாபக் கணிப்பு வேறு, விலைக் கணிப்பு வேறு

நிறுவனம் தரும் கைடன்ஸை (வரும் ஆண்டு பற்றிய அதன் சொந்தக் கணிப்பை) நம்புவதா, நாமே கணக்குப் போடுவதா? 2023 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் சொன்ன வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவிகிதம். அந்த நிதியாண்டு முடிந்தபோது வந்தது 1.4. அடுத்த ஆண்டுக்கு 1 முதல் 3 என்றார்கள், வந்தது 4.2. இரண்டு ஆண்டும், இரண்டு திசையிலும் தவறியது. பெரிய ஒப்பந்தங்களின் மதிப்பை மட்டும் பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். 2023-24ல் அது 1,770 கோடி டாலர், அதுவரை காணாத உச்சம். ஆனால் அது பல ஆண்டுகளில் பிரிந்து வரும் தொகை, பழைய ஒப்பந்தப் புதுப்பிப்பும் அதில் அடக்கம்.

சொந்தக் கணக்குக்கு நேரம் பிடிக்கும், ஆனால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கலாம். 2023-24ஐயே எடுங்கள். வருவாய் 1,53,670 கோடி ரூபாய், செயல்பாட்டு மார்ஜின் (வருவாயில் தொழில் செலவு போக நிற்கும் விகிதம்) 20.7 சதவிகிதம், ஆக செயல்பாட்டு லாபம் சுமார் 31,800 கோடி. பிற வருமானம் 4,700 கோடியைக் கூட்டி, வட்டிச் செலவையும் 27 சதவிகித வரியையும் கழித்தால் ஏறக்குறைய 26,200 கோடி நிற்கும். 414 கோடி பங்குகளால் வகுத்தால் இபிஎஸ், அதாவது ஒரு பங்குக்கான லாபம், 63 ரூபாய் சொச்சம். பலர் சறுக்குவது பிற வருமானத்தில்தான். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் வருமான வரி ரீஃபண்டுக்கான வட்டி வந்து சேர்ந்தது. அதை அடுத்த ஆண்டுக்கும் நீட்டினால் கணிப்பு ஊதிவிடும்.

இனி விலை. மார்ஜின் ஒரு சதவிகிதப் புள்ளி கூடினால் இபிஎஸ் 2.70 ரூபாய் உயரும், பி.இ. (பங்கின் விலை இபிஎஸ்ஸைப் போல எத்தனை மடங்கு என்பது) 22 என்றால் விலை பங்குக்கு 60 ரூபாய் கூடும். பி.இ. மட்டும் 22லிருந்து 23 ஆனாலே 63 ரூபாய் ஏறிவிடும்! 2024 ஏப்ரலில் 1,400ஐ ஒட்டியிருந்த பங்கு டிசம்பரில் 2,000ஐத் தொட்டது. லாபம் அந்த அளவுக்கு வளரவில்லை, பி.இ.தான் 30ஐத் தாண்டியது. அதனால் ஒற்றை இலக்கு விலை சொல்பவரை நம்ப வேண்டாம். இபிஎஸ் 62, 66, பி.இ. 20, 24, 28 என்று ஆறு கட்டம் போடுங்கள். 1,240 முதல் 1,848 வரை வரும். இன்றைய விலை அதில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

டிசிஎஃப் முறை (வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடும் கணக்கு) துல்லியமாகத் தெரியும், ஆனால் வழுக்கும். நிரந்தர வளர்ச்சி 5 சதவிகிதம் என்று வைத்து, அப்படிக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தை 12லிருந்து 11 ஆக்கினால் இறுதி மதிப்பு (கணித்த ஆண்டுகளுக்குப் பிறகான வரவின் மதிப்பு) ஆறில் ஒரு பங்கு எகிறும். அதைத் திருப்பிப் போடுவதே பயன்: இன்றைய விலையைக் கொடுத்து, அதற்கு எவ்வளவு வளர்ச்சி தேவை என்று கேளுங்கள்.

விலை வரைபடமான சார்ட், நிறுவனத்தின் நிதி முடிவு வெளியாகும் நாளில் உதவாது. 2023 ஏப்ரல் 13 மாலை முடிவு வந்தது. மறுநாள் சந்தை விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. 17ஆம் தேதி பங்கு முந்தைய விலைக்கு வெகு கீழே, இடைவெளியோடு திறந்து, 9 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. ஸ்டாப்லாஸ் என்பது விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்; இப்படிப்பட்ட நாளில் மார்க்கெட் ஸ்டாப்லாஸ் கிடைத்த விலைக்கு விற்றுவிடும், குறித்த விலைக்குக் கீழே விற்காத லிமிட் ஸ்டாப்லாஸ் விற்காமலே நின்றுவிடலாம். முடிவுக்கு முன் பங்கின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் கையில் இருக்கும் எளிய வழி.