கிளிமூக்கு மாங்காயும் ஷேப்வொர்க்ஸும்

ஷேப்வொர்க்ஸ் ஸ்டுடியோ என்கிற மென்பொருளை ஏழு மாதமாகப் பயன்படுத்துகிறேன். ஒரே வகை எலும்புகள் பலவற்றை ஒப்பிட்டு, அவற்றின் வடிவம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று கற்றுக்கொள்வது அதன் வேலை. காசு கொடுத்து வாங்கவில்லை, யாரும் வாங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் எஸ்சிஐ என்கிற கணினிப் பட ஆய்வகத்துக்காரர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. இலவசப் பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்டால், ஏழு மாத மாலை நேரத்தைப் போட்டிருக்கிறேன், அது காசைவிடப் பெரிது. அப்புறம், இதை இறக்கி வைத்துக்கொண்டு "ஸ்கேனைப் போட்டால் எலும்பைப் பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்கிறதே" என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்காதுதான். அது அதன் வேலையும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. பயோமெடிக்கல் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்வந்து கொண்டிருந்தவன், இப்போது கிருஷ்ணகிரியிலேயே வீட்டிலிருந்து வேலை. தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவர், முழங்கால் சிடி படங்களிலிருந்து தொடை எலும்பின் அடிமுனையை மட்டும் தனியாகப் பிரித்து முப்பரிமாண வடிவமாகத் தர முடியுமா என்று கேட்டார். பெயரெல்லாம் நீக்கிய படங்கள். அதற்கென்ன, சிடியில் எலும்பு வெள்ளையாகத்தானே தெரியும், ஒரு அளவுக்கு மேல் வெளுப்பாக இருப்பதை எல்லாம் வெட்டி எடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் படமே வயதான ஒரு அம்மாவுடையது. எலும்பின் அடர்த்தி அவ்வளவு குறைந்துபோய், வெட்டி எடுத்தது கறையான் அரித்த கதவு மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. அளவைக் குறைத்தால் ஓட்டை அடைபடும், ஆனால் மூட்டு இடைவெளி தேய்ந்து போயிருப்பதால் தொடை எலும்பும் அதற்குக் கீழே இருக்கும் டிபியா என்கிற கால் எலும்பும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாக வரும். மருத்துவப் படங்களைக் கையாளும் 3டி ஸ்லைசர் மென்பொருளில் உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகக் கையால் தீட்டினேன், ஒரு முழங்காலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

இந்த இடத்தில்தான் புள்ளியியல் வடிவ மாதிரி வருகிறது. எங்கள் மாமா மாங்காய் மண்டியில் முப்பது வருடமாக இருப்பவர். நாங்கள் பெங்களூரா என்று சொல்கிற கிளிமூக்கு மாங்காய், வைக்கோலுக்குள் பாதி புதைந்து கிடந்தாலும் காம்புப் பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டு மூக்கு எங்கே முடியும் என்று சொல்லிவிடுவார். தெரியாத பாதியை அவர் பார்க்கவில்லை. பார்த்த லட்சம் காயிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். 1990-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டிம் கூட்ஸ், கிறிஸ் டெய்லர் என்கிற ஆய்வாளர்கள் கணினியில் செய்ததும் இதுதான். 1995-ல் வந்த அவர்களுடைய கட்டுரையைப் படித்தால் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது. ஒரே மாதிரிப் பொருள்கள் பலவற்றில் ஒரே இடங்களில் புள்ளி வை, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தித் திருப்பிப் பொருத்து, சராசரியை எடு, சராசரியிலிருந்து எந்தெந்த வழிகளில் விலகுகின்றன என்று முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு போடு. அப்புறம் எந்த எலும்பும் சராசரியோடு சில விலகல்களைக் கூட்டியதுதான்.

"ஒரே இடங்களில் புள்ளி வை" என்று சொல்லிவிட்டேனே தவிர, முப்பரிமாணத்தில் அதுதான் உயிரை எடுக்கிற வேலை. தொடை எலும்பின் வழவழப்பான குமிழில் 'இதே இடம்' என்று இன்னொருவர் எலும்பில் எதைக் காட்டுவது? ஷேப்வொர்க்ஸுக்கு நான் மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான். கையால் புள்ளி வைக்கவே வேண்டாம். ஒரு புள்ளியில் தொடங்கி இரண்டு, நான்கு, எட்டு என்று தானாகப் பிளந்து பெருகும். ஒவ்வொரு எலும்பின் மேலும் புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரவும். அதே நேரம் எல்லா எலும்பிலும் அதே எண் புள்ளி அதே மாதிரி இடத்தில் உட்கார வேண்டும் என்று இன்னொரு இழுப்பும் இருக்கும். திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். எல்லா எலும்பிலும் உள் பக்கக் குமிழில் ஊதா, வெளிப் பக்கத்தில் மஞ்சள் என்று ஒழுங்காக வந்தால் சரி. ஒரு எலும்பில் மட்டும் ஊதா இடம் மாறி உட்கார்ந்திருந்தது எனக்கு. பார்த்தால் அது இடது கால், நான் கண்ணாடிபோல் திருப்பாமல் விட்டிருக்கிறேன். திருப்புவதற்கு மென்பொருளிலேயே வசதி இருக்கிறது, தவறு முழுக்க என்னுடையது.

எலும்புகளுக்கு எங்கே போனேன் என்றால், பெர்லினில் உள்ள சூசே கணினி ஆய்வு நிலையத்தார் 507 முழங்கால் எம்ஆர்ஐ படங்களுக்கு எலும்பையும் குருத்தெலும்பையும் பிரித்து வெளியிட்டிருக்கிறார்கள். படங்கள் அமெரிக்காவில் நடந்த பெரிய மூட்டுத் தேய்மான ஆய்வில் எடுத்தவை. எம்ஆர்ஐயில் கற்றதைச் சிடியில் பயன்படுத்தலாமா என்றால், எலும்பின் வடிவத்துக்கு எந்த இயந்திரம் படம் எடுத்தது என்று தெரியாது, ஆகவே வடிவத்தைப் பொறுத்தவரை பயன்படுத்தலாம். விளிம்பைத் தேடுகிற பகுதியை மட்டும் சிடிக்கென்று தனியாக எழுத வேண்டும். 507-லிருந்து தேய்மானம் அதிகம் இல்லாத, பார்க்க லட்சணமான 40 எலும்புகளைப் பொறுக்கினேன். இந்தப் பொறுக்கலுக்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

முதல் தடவை ஓட்டி முடித்து, பகுப்பாய்வுப் பக்கத்தில் முதல் விலகலின் நழுவுபட்டையை இழுத்தபோது அவ்வளவு சந்தோஷம், எலும்பு நீண்டது, சுருங்கியது. ஆஹா, உயரமானவர் குள்ளமானவர் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள்தான் உறைத்தது: குமிழ்களின் அளவு மாறவே இல்லை, மேலே தண்டு மட்டும்தான் நீள்கிறது. முழங்கால் ஸ்கேனில் தொடை எலும்பு மேலே எங்கோ ஓரிடத்தில் படத்தோடு வெட்டுப்பட்டிருக்கும், ஒவ்வொருவருக்கும் வேறு உயரத்தில். ஸ்கேன் எடுத்தவர் எங்கே நிறுத்தினார் என்பதைத்தான் என் மாதிரி மனித உடலின் முதன்மையான வேறுபாடாகக் கற்றுக்கொண்டிருக்கிறது! எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டு தளம் வைத்து நிறுத்திய பிறகுதான் சரியானது. அதுவும் ஸ்டுடியோவிலேயே இருக்கிறது, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆவணங்கள் நிறைய உண்டு, நல்ல ஆவணங்கள்தான், ஒரு புதுக்கைக்காரன் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதுதான் பிடிபடாது.

சரி, மாதிரி தயாரான பிறகு புதுப் படத்தில் பொருத்துவது பைத்தான் நிரல்மொழியில் நானே எழுதியது. சராசரி எலும்பைச் சிடி படத்துக்குள் இறக்கினால், ஒவ்வொரு புள்ளியும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக உள்ளேயும் வெளியேயும் எட்டிப் பார்த்து, எங்கே சாம்பல் சட்டென்று வெள்ளையாகிறதோ அங்கே போகிறேன் என்று கேட்கும். எல்லாப் புள்ளிகளும் கேட்டதைக் கொடுத்தால் மறுபடி ஓட்டை எலும்புதான். அதனால் கேட்டதை எல்லாம் சேர்த்து, கற்றுக்கொண்ட விலகல்களால் உண்டாக்க முடிகிற வடிவம் எது என்று பார்த்து, ஒவ்வொரு விலகலையும் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்குக்குள் அடக்கிவிடுகிறோம். மறுபடி எட்டிப் பார்த்தல், மறுபடி அடக்குதல். அந்த வயதான அம்மாவின் படத்தில் இதை ஓடவிட்டபோது, கண்ணெதிரே, ஓட்டைகளுக்கு மேல் மேற்பரப்பு நீர்ப்படலம் போல் இழுத்து மூடிக்கொண்டது. டிபியாவோடு ஒட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை சில நிமிடத்தில் முடிந்தது.

பத்துப் படத்தை முடித்து டாக்டரிடம் காட்டப் போனேன். கையால் தீட்டியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் டைஸ் மதிப்பெண்ணும் பிரமாதமாக இருந்தது. அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. ஆறாவது படத்தில் நின்றார். "தம்பி, இவருக்கு ஓரத்தில் முள் முள்ளாக வளர்ந்திருக்கு, சிடியில் நல்லாத் தெரியுது. உன் எலும்பில் அதைக் காணோமே?"

காணோம்தான். வழவழவென்று இருந்தது. அமெரிக்காவின் லட்சணமான 40 முழங்கால்களைப் பார்த்து வளர்ந்த என் வடிவ மாதிரி, எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் முழங்காலை 'இப்படி இருக்காது' என்று சீவிவிட்டிருக்கிறது. செந்தூரா மாம்பழத்தை மட்டுமே பார்த்தவனிடம் பெங்களூராவைக் கொடுத்தால் மூக்கைத் தேய்த்துவிட்டு உருண்டையாக வரைவான் இல்லையா, அதே கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்கிற எல்லையைத் தாண்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, ஆனால் அதற்கு முன் ஐம்பது வருடம் குடித்ததை எலும்பு மறக்காது. பல்லில் காவி படிவது வெளியே தெரிவது. உள்ளே எலும்பு இறுகி, தசைநார் ஒட்டுகிற இடங்களில் சுண்ணாம்பு படிந்து, ஓரங்களில் முள் கிளம்பும். அந்தப் பெரியவருக்கு அதுவா, வெறும் தேய்மானமா என்பது டாக்டர் பார்க்க வேண்டியது. ஆனால் முள் இருந்தது, என் படத்தில் இல்லை. டைஸ் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், அது கன அளவு எவ்வளவு ஒன்றுசேர்கிறது என்று பார்ப்பது. அவ்வளவு பெரிய எலும்பில் ஒரு மெல்லிய முள் காணாமல் போனால் அந்த எண் அசையவே அசையாது. மேற்பரப்புகளுக்கு இடையேயான அதிகபட்ச தூரத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

உள்ளூர் எலும்பு பதினொன்றைக் கையால் தீட்டி 40-உடன் சேர்த்தேன். கொஞ்சம் தேறியது, ரொம்ப இல்லை. யோசித்தால் காரணம் புரிகிறது: 51 எலும்பு கொடுத்தால் அதிகபட்சம் 50 விலகல்தான் கிடைக்கும், முள்ளோ ஆளுக்கு ஒரு இடத்தில் முளைக்கிறது. ஒருவருடைய முள்ளுக்கு நிகரான இடம் இன்னொருவர் எலும்பில் கிடையாது; அங்கே முள்ளே இல்லையே, புள்ளி எதோடு ஜோடி சேரும்? இதை ஷேப்வொர்க்ஸின் குறை என்று சொல்ல மாட்டேன், இந்த வழிமுறைக்கே உரிய எல்லை.

கடைசியில் வேலையைத் தலைகீழாக மாற்றினோம். வடிவ மாதிரி வரைகிற வழவழப்பு எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டாவது சுற்றில் மேற்பரப்பைக் கட்டுப்பாடு தளர்த்தி, சிடி படத்தில் தெரியும் விளிம்பைத் தேடிச் சில மில்லிமீட்டர் நகர விட்டேன். இப்போது இரண்டு மேற்பரப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஸ்லைசரில் நிறமாகப் பூசினால், எலும்பு முழுக்கப் பச்சை, ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு வரிசை. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய எலும்பு எங்க முடியுது, புதுசு எங்க ஆரம்பிக்குதுன்னு இதான்யா எனக்கு வேணும்" என்றார். பத்துப் படத்தில் ஏழில் நன்றாக வருகிறது, மூன்றில் சிவப்பு தேவையில்லாத இடத்திலும் வருகிறது, இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிக்கு மட்டும்தான், இதை வைத்து யாருக்கும் சிகிச்சை முடிவு எடுப்பதில்லை.

யார் வாங்கலாம் என்று வழக்கமாகக் கேட்பார்கள். சிடியில் எலும்பு பிரிந்து வந்தால் போதும் என்பவர்கள் இதன் பக்கமே வர வேண்டாம். 2023-ல் சுவிட்சர்லாந்தின் பாசலிலிருந்து வந்த டோட்டல்செக்மென்டேட்டர் என்கிற மென்பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட உடற்பாகங்களைத் தானாகவே பிரிக்கும், தொடை எலும்பும் அதில் உண்டு. அது கொடுப்பது வெறும் பிரிப்புதான், இவர் எலும்பின் இந்தப் புள்ளி அவர் எலும்பில் எது என்று அதனிடம் கேட்க முடியாது. அந்தக் கேள்வி இருக்கிறவர்களுக்கு ஷேப்வொர்க்ஸ். இரண்டையும் சேர்க்கிறவர்களும் உண்டு, அந்த 507 படங்களை வெளியிட்ட பெர்லின்காரர்களே 2019-ல் செயற்கை நரம்பு வலையமைப்பையும் வடிவ மாதிரியையும் மாற்றி மாற்றி ஓட்டித்தான் குருத்தெலும்பு வரை பிரித்தார்கள்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று, எதில் தொடங்குவது என்று தெரியாமல் நான் அலைந்த முதல் ஆறு வாரத்துக்கு. என் மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகம், 40 எலும்புக்குப் போதுமானதாக இருந்தது. புள்ளி எண்ணிக்கையை 128-இல் தொடங்குங்கள், முதலிலேயே 1024 போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ராத்திரி ஓட விட்டுத் தூங்கப் போகிறவர்கள் யுபிஎஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு தடவை விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது.