ஆறு வருஷம், 37 பாக்கெட்: நைலான் ஸ்ட்ரிங்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வீட்டில் அதைப் பால் கணக்கு என்று நினைத்து ஒருமுறை பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள். மூன்று மாடி இறங்கி ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தேன். கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் மாற்றிய ஒவ்வொரு தடவையும் அதில் எழுதியிருக்கிறேன்: மாட்டிய தேதி, பாக்கெட்டின் பெயர், கொடுத்த காசு, கழற்றிய தேதி, கழற்றியதற்குக் காரணம். 2019 கடைசியில் ஆரம்பித்தது. இதுவரை 37 பாக்கெட். ஆகக் குறைந்த விலை 220 ரூபாய், ஆக அதிகம் 2,400.

காசு கூடப் போட்டால் சத்தம் நன்றாக வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது 'காரணம்' என்ற பத்தியை மேலிருந்து கீழே படித்தால், பிராண்டு எதுவாக இருந்தாலும் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வார்த்தைதான்: 'டி போச்சு.'

அதற்கு முன்னால் என் நிலவரம். சென்னையில் இருக்கிறேன். உள்ளங்கை வியர்க்கிற ஜாதி. தினமும் ஒரு மணி நேரம், சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் வாசிப்பேன். கிட்டார் இரண்டு: ஒன்று, கற்க ஆரம்பித்தபோது வாங்கிய யமஹா சி40, ப்ளைவுட் மேல்பலகை. இன்னொன்று ஸ்பெயினில் செய்தது, மேல்பலகை ப்ளைவுட் இல்லாமல் முழு செடார் மரம், செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். இரண்டுக்கும் தந்தியின் நீளம் ஒன்றுதான், 650 மி.மீ. அதனால் ஒரே பாக்கெட்டை இரண்டிலும் மாட்டிப் பார்க்க வசதி.

இனி, அந்த டி ஸ்ட்ரிங். நான்காவது தந்தி. கிளாசிக்கல் கிட்டாரில் சுருதி உயர்ந்த மேல் மூன்று (ட்ரெபிள்) வெறும் நைலான், சுருதி தாழ்ந்த கீழ் மூன்று பேஸ். பேஸ் தந்திக்குள் இருப்பதும் நைலான்தான், ஆனால் ஒற்றை இழை அல்ல. தலைமுடியை விட மெல்லிய இழைகள் கற்றையாக இருக்கும். அதன்மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மூன்று பேஸில் டி தான் ஒல்லி, அதனால் அதில் சுற்றிய கம்பியும் ஒல்லி. அதை இரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தாமல் எந்தப் பாட்டும் நகராது. ஒரு மாதம் கழித்து அந்த இடத்தின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். ஃப்ரெட் பட்ட இடம் பள்ளமாகத் தட்டுப்படும். இன்னும் இரண்டு வாரம் விட்டால் கம்பிச் சுற்று அறுந்து, உள்ளே இருக்கும் இழை இலவம்பஞ்சு மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

அறுவதற்கு முன்பே சத்தம் செத்துவிடும் என்பதுதான் முக்கியம். வியர்வை பட்டு வெள்ளி முலாம் போய், செம்பு நிறம் வந்து, அப்புறம் டிகாக்‌ஷன் கறை மாதிரி கறுக்கும். வாசித்து முடித்துக் கையை முகர்ந்தால் செம்புக் குடம் தேய்த்த வாசனை. முதல் வாரம் மணி மாதிரி நின்று ஒலித்த தந்தி, ஐந்தாவது வாரம் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரி 'தொப்' என்று விழும். தினமும் வாசிக்கிறவருக்கு இந்த மாற்றம் தெரியாது, அதுதான் கொடுமை. பிள்ளை வளர்வது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத மாதிரி.

நோட்டுக் கணக்கு இது. 220 ரூபாய் செட்டில் பேஸ் நான்கு வாரம் தாங்கியது. 850 ரூபாய்க்கு வாங்கிய டி'அடாரியோ ப்ரோ-ஆர்ட்டே ஈஜே45, சராசரியாக ஏழு வாரம். 2,400 ரூபாய் செட், எட்டு வாரம். வாரத்துக்கு என்று வகுத்தால் 55 ரூபாய், 121 ரூபாய், 300 ரூபாய். இது என் கைக்கு, இந்த ஊர்க் காற்றுக்கு. பெங்களூரில் இருக்கும் நண்பனுக்குக் கை எப்போதும் உலர்ந்தே இருக்கும். அவன் ஒரு செட்டை ஐந்து மாதம் ஓட்டுகிறான். அவனுக்குக் கணக்கு வேறு.

2022-இல் நடந்ததைச் சொல்கிறேன். 2,400 ரூபாய் செட்டை மாட்டி ஐம்பது நாள் ஆகியிருந்தது. வகுப்புக்கு அந்தக் கிட்டாரைத்தான் எடுத்துக்கொண்டு போவேன். மாஸ்டர் அடிக்கடி அதை வாங்கி இரண்டு வரி வாசித்துக் காட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் ஒரு காலையில் டி அறுந்துவிட்டது. கையில் இருந்தது 220 ரூபாய் பாக்கெட் மட்டும். அவசரத்துக்கு மூன்று பேஸையும் அதிலிருந்து மாட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் வாங்கினார், ஒரு கட்டைவிரல் தட்டு தட்டினார், நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, கிட்டார் மாத்திட்டியா?"

"இல்ல சார், ஸ்ட்ரிங்தான்."

"நல்ல செட்டு. எவ்வளவு?"

சொன்னேன். அவர் நம்பவில்லை.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான்: நான் இதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது மலிவையும் விலையுயர்ந்ததையும் அல்ல, புதுசையும் பழசையும். விலை அதிகம் கொடுத்தால் மனசு வராமல் இரண்டு வாரம் கூடுதலாக ஓட்டுவோம். அந்த இரண்டு வாரத்தில், நான்கு நாள் ஆன மலிவு தந்தியை விட அது மோசமாக ஒலிக்கும். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன், அதுவும் மூன்று வருஷம் கழித்து.

மேல் மூன்று தந்தியின் கதை வேறு. அவை சீக்கிரம் சாகாது. நைலானுக்குத் துருவும் கிடையாது, கறையும் கிடையாது. நகம் பட்டுப் பட்டுக் கீறல் விழும், நாளானால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பேஸ் மூன்று முறை மாறும்போது ட்ரெபிள் ஒரு முறை மாறினால் எனக்குப் போதும். அதனால் முழு செட்டாக வாங்கிக்கொண்டே இருப்பது வீண். பேஸ் மட்டும் தனிப் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. இது தெரியாமல் முதல் வருஷம் முழு செட்டையும் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்த ட்ரெபிள் எல்லாம் இருந்திருந்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓடியிருக்கும்.

காசு கேட்கிற இடம் ஒன்று உண்டு: ஜி, மூன்றாவது தந்தி. கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் ஜி பற்றி ஒரு புலம்பல் இருக்கும். நைலான் எடை குறைந்த பொருள். அதில் ஜி-யின் சுருதியான 196 ஹெர்ட்ஸை வரவழைக்க வேண்டுமானால் தந்தியைத் தடியாகச் செய்ய வேண்டும், ஈஜே45-இல் 1.02 மி.மீ. அவ்வளவு தடியான நைலான் விறைத்துக்கொண்டு நிற்கும், சத்தம் மூக்கடைத்த மாதிரி வரும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளும். பக்கத்தில் பி-யும் டி-யும் பளிச்சென்று பேசும்போது நடுவில் இது மட்டும் வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசும்.

இதற்குத்தான் 'கார்பன்' தந்தி. பெயரைக் கேட்டு ஏதோ கரி என்று நினைக்க வேண்டாம், அது ஃப்ளூரோகார்பன் பிளாஸ்டிக். நைலானை விட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால் அதே சுருதியை, ஏறக்குறைய அதே இழுப்பை, 0.8 மி.மீ. சொச்சத் தடிமனிலேயே தந்துவிடும். பிரான்ஸின் சவரேஸ் நிறுவனம் 'அலியான்ஸ்' என்ற பெயரில் விற்பது இந்த வகை. நான் 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டிய அன்றே ஜி வாய் திறந்து பேசியது. ஆறு வருஷத்தில் காசு கொடுத்த வித்தியாசம் காதில் உடனே கேட்டது இந்த ஒரு தடவைதான்.

ஆனால் முதல் தந்திக்கும் கார்பன் போட்டால் எனக்குக் கூச்சலாக இருக்கிறது. ஒல்லியாக இருப்பதால் நகம் சரியில்லாத நாளில் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். செடார் கிட்டாரில் ஒன்றும் இரண்டும் நைலான், மூன்றாவது மட்டும் கார்பன் என்று கலந்து மாட்டியிருக்கிறேன். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். சில நிறுவனங்கள் நைலான் செட்டிலேயே கார்பன் ஜி ஒன்றைச் சேர்த்து விற்பதும் அதனால்தான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். தமிழில் யாழுக்குக் கட்டியதையும் நரம்பு என்றுதான் சொன்னார்கள். காசிமேட்டில் தூண்டில் போடுகிறவர்கள் கையில் இருப்பதும் நரம்புதான். கிட்டார் தந்தியும் ஒரு காலத்தில் நிஜமாகவே விலங்கின் குடல். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் காயத்துக்குத் தையல் போடப் போய்விட, தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் கிட்டார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், டுபாண்ட் நிறுவனத்தின் நைலானில் தந்தி செய்ய ஆரம்பித்தார். ஸ்பெயினின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்றுக்கொண்டு வாசித்த பிறகு குடலுக்குத் திரும்பியவர்கள் மிகக் குறைவு. ஃப்ளூரோகார்பனும் அப்படித்தான், ஜப்பானில் குரேஹா நிறுவனம் 1971-இல் மீன்பிடி நரம்பாக விற்க ஆரம்பித்த பொருள்.

அப்படியானால் தூண்டில் நரம்பையே மாட்டினால் என்ன? மாட்டினேன். கடையில் 0.8 மி.மீ. ஃப்ளூரோகார்பன் கேட்டதும், "எந்த மீனுக்கு அண்ணே?" என்றார் கடைக்காரர். கிட்டாருக்கு என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அறுந்தா திரும்ப வரக்கூடாது" என்றார். 30 மீட்டர் சுருள், 820 ரூபாய். ஒரு தந்திக்கு ஒரு மீட்டர் போதும், ஆக ஒரு ஜி 27 ரூபாய் சொச்சம். சத்தம்? நல்ல துண்டு அமைந்தால் 1,600 ரூபாய் செட்டின் ஜி-க்கும் இதற்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆனால் நல்ல துண்டு அமைய வேண்டும். முதல் ஐந்து துண்டில் இரண்டு சுருதி சேரவே இல்லை. சுருளில் கிடந்த வளைவும் இரண்டு நாளைக்குப் போகாது.

விலையில் நிஜமாக எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. தந்தி முழுக்க ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து இன்னொரு பக்கம் மெலிந்திருந்தால், திறந்த தந்தியில் சுருதி சரியாக இருக்கும், ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போக அழும். சோதிப்பது சுலபம்: 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, மணி மாதிரி வரும் ஹார்மோனிக் ஒலியை எடுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒட்ட வேண்டும். மற்ற தந்திகள் சரியாக இருந்து ஒன்று மட்டும் ஒட்டவில்லை என்றால் கிட்டாரைத் திட்டாதீர்கள், தந்தியைத் திருப்பி, தலைமாட்டை பிரிட்ஜ் பக்கம் (மேல்பலகையில் தந்தியைக் கட்டும் கட்டை) கட்டிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். மலிவு பாக்கெட்டுகளில் மூன்றுக்கு ஒன்றில் எனக்கு இந்தத் தொல்லை வந்தது. நடுத்தர விலையில் மிக அரிது. அதிக விலை பாக்கெட் ஒன்றிலும் ஒருமுறை வந்தது, பெயர் வேண்டாம். அன்றைக்கு வயிறு எரிந்தது.

யமஹாவில் செய்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பயிற்சியை 850 ரூபாய் செட்டிலும் 2,400 ரூபாய் செட்டிலும் வாசித்து, இரண்டையும் மாட்டி ஒரு வாரம் கழித்து, போனில் பதிவு செய்தேன். மகளிடம் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். "அப்பா, ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டாவதுல குக்கர் சத்தம் வருது" என்றாள். நானே ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது குக்கரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். செடார் கிட்டாரில் வித்தியாசம் இருந்தது, ஆனால் அது நன்று, மோசம் என்கிற வித்தியாசம் இல்லை. ஒன்று கொஞ்சம் பிரகாசம், ஒன்று கொஞ்சம் உருண்டை. கற்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்குள் இருக்கிறவர், ப்ளைவுட் கிட்டாரில் 2,000 ரூபாய் தந்தி மாட்டுவது பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: அந்தக் காசுக்கு சேடிலை, அதாவது பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சின்னத் துண்டை, சரியான உயரத்துக்கு இழைத்து வாங்கலாம்.

'ஹார்ட் டென்ஷன்', அதாவது இழுப்பு அதிகமான செட், வாங்கினால் சத்தம் பெரிதாக வரும் என்று கடையில் சொல்வார்கள். எனக்கு இடது கை வலிதான் பெரிதாக வந்தது. நார்மல் டென்ஷன் செட்டில் ஒரு தந்தியின் இழுப்பே சுமார் ஐந்து முதல் ஏழு கிலோ. அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. தள்ளுபடியில் பாதி விலைக்கு ஆன்லைனில் வாங்கிய ஒரு செட், அச்சு மங்கலான அட்டை, உள்ளே கறுத்த பேஸ். போலியா, கிடங்கில் பல வருஷம் கிடந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. பேஸ் தந்தி பாக்கெட்டுக்குள்ளேயே காற்றுப் பட்டால் கறுக்கும். அதன் பிறகு நல்ல விற்பனை இருக்கும் கடையில் நேரில் போய், உறையின் ஒட்டு பிரியாததாகப் பார்த்து வாங்குகிறேன்.

இப்போது என் வழக்கம் இப்படி ஓடுகிறது. நடுத்தர விலையில் ஒரே வகை பேஸ், ஆறு வாரத்துக்கு ஒரு முறை, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்றிவிடுவேன். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் பேஸை ஒருமுறை அழுத்தித் துடைப்பேன். இதனாலேயே ஒரு வாரம் கூடக் கிடைக்கிறது. ட்ரெபிள் நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை. புது நைலான் மூன்று நான்கு நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், வாசித்த கையோடு சுருதி இறங்கும். அதனால் வகுப்புக்கு முந்தின நாள் மாற்றுவதில்லை. ஜி மட்டும் கார்பன். விலை அதிகமான செட் வருஷத்துக்கு ஒன்று வாங்குவேன், பொங்கலுக்குச் சட்டை எடுக்கிற மாதிரி, ஆசைக்கு.

நோட்டில் கடைசியாக எழுதிய பேஸ் மாட்டி இன்றோடு 39 நாள். டி-யில் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே வெள்ளை லேசாகத் தெரிகிறது. புது பாக்கெட் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை மாற்ற வேண்டும்.