லியோனியின் படத்துக்கு எந்த டிஸ்க்: 161 நிமிடமா, 179 நிமிடமா?

செர்ஜியோ லியோனி 1966-இல் எடுத்த 'தி குட், த பேட் அண்ட் தி அக்ளி' படத்தை நல்ல தரத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளுக்கிடையில்தான் தடுமாறுகிறார்கள். 2014-இல் எம்ஜிஎம் ஸ்டூடியோ புதுப்பித்து வெளியிட்ட ப்ளூ-ரே, கினோ லோர்பர் என்ற டிஸ்க் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த இரட்டை டிஸ்க் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு, அதே நிறுவனத்தின் 2021 4கே டிஸ்க், அப்புறம் ஸ்ட்ரீமிங். நான் வாங்கியது 4கே டிஸ்க். வாங்கியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் 4கே என்ற எண் இல்லை, அதில் படத்தின் எந்த வடிவம் (161 நிமிடக் குறுகியதா, 179 நிமிட நீளமானதா) இருக்கிறது என்பதுதான்.

2009-இல் வந்த முதல் ப்ளூ-ரேயை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கிரெய்னை, அதாவது பிலிமில் இயல்பாகத் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகளை, குறைக்கிறேன் என்று முகங்களையெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பழைய டிஸ்க் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம்.

ஸ்ட்ரீமிங்கையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எந்தத் தளத்தில் எந்த வடிவம் என்பது அடிக்கடி மாறுகிறது. ஓடும் நேரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 4கே ஸ்ட்ரீமிங் என்றாலும் பொதுவாக வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் டேட்டாதான் வரும். 4கே டிஸ்க்கில் அதைப்போல் பல மடங்கு இடம் இருக்கிறது. இந்தப் படத்தில் அந்த வித்தியாசம் மற்ற படங்களைவிட அதிகமாகவே தெரியும். காரணம் அது எடுக்கப்பட்ட டெக்னிஸ்கோப் முறை.

டெக்னிஸ்கோப் 1960-களின் தொடக்கத்தில் டெக்னிகலரின் இத்தாலியக் கிளை கொண்டுவந்தது. சாதாரணமாக 35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேம், பிலிமின் ஓரத் துளைகளின் கணக்கில், நான்கு துளை உயரம் எடுத்துக்கொள்ளும். இதில் இரண்டே துளை. பிலிம் செலவு பாதியாகிவிடும், காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸ் இல்லாமலே அகலத்திரை கிடைத்துவிடும். சாதாரண லென்ஸ் என்பதால் கிட்டத்தில் இருக்கும் முகமும் தூரத்து மலையும் ஒரே ஷாட்டில் தெளிவாக விழும். லியோனியும் ஒளிப்பதிவாளர் டொனினோ டெல்லி கொல்லியும் திரை முழுக்கக் கண்களை நிரப்பிய அந்தக் குளோசப்புகளுக்குப் பின்னால் இந்தச் சிக்கன முறையின் பங்கும் இருக்கிறது. ஆனால் நெகட்டிவின் பரப்பு பாதி என்றால் கிரெய்ன் பெரிதாகத் தெரியும். கிரெய்ன் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பது. டேட்டாவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். படம் எடுக்கப்பட்ட ஸ்பெயினின் அல்மேரியாப் பாலைவனத்தின் வானம் கட்டம் கட்டமாக உடைவதை ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண் அதையேதான் தேடும்.

இவ்வளவு சின்ன நெகட்டிவுக்கு 4கே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ப்ளூ-ரேயில் தெரியாத புது விவரம் குவிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். எனக்குக் கிடைத்த லாபம் கிரெய்ன் கிரெய்னாகவே தெரிவது, அவ்வளவுதான். நான் பார்த்தது 55 அங்குல டிவியில். ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது நிறம். 2014 டிஸ்க்குக்கு அடிப்படை இத்தாலியில், பொலோன்யாவில் செய்த 4கே புதுப்பிப்பு. தெளிவில் 2009-ஐவிட எங்கேயோ போய்விட்டது. ஆனால் படம் முழுக்க ஒரு மஞ்சள். வெயில் காயும் படம்தானே, மஞ்சளாக இருந்தால் என்ன என்று தோன்றும். அதற்கு ஒரே காட்சியைச் சோதனையாக வைத்துப் பார்த்தால் போதும். கதை நடப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே. டூகோவும் (ஈலை வாலக்) பிளாண்டியும் (கிளின்ட் ஈஸ்ட்வுட்) தெற்குப் படையின் சீருடையில் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஒரு குதிரைப்படை வருகிறது. சாம்பல் நிறச் சீருடை. நம் ஆட்கள்தான் என்று நம்பி டூகோ தெற்குப் படைத் தளபதி ஜெனரல் லீக்கு ஜே போடுகிறான். கிட்டே வந்த அதிகாரி கையால் சட்டையைத் தட்டுகிறார். புழுதி பறக்கிறது, உள்ளேயிருந்து நீலம் வருகிறது. வடக்குப் படை! அடுத்த காட்சியில் இருவரும் கைதி முகாமில். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் கதையின் திசையையே திருப்பும் இந்த இடம், சாம்பலுக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. மஞ்சள் பூச்சுக்கு அடியில் அந்த நீலம் மங்கிப்போனால் காட்சியின் உயிரே போய்விடுகிறது. 2017 பதிப்பில் மஞ்சளைக் குறைத்திருக்கிறார்கள். 2021-இல் வானம் வானமாகவும் புழுதி புழுதியாகவும் இருக்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே நான் 2014 டிஸ்கைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இந்தப் படம் 1966 டிசம்பரில் இத்தாலியில் வெளியானபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியது. ஒரு வருடம் கழித்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அமெரிக்காவில் வெளியிட்டபோது அது 161 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. உலகம் கொண்டாடிய ஆங்கில வடிவம் அதுதான். 2003-இல் எம்ஜிஎம் வெட்டப்பட்ட காட்சிகளைத் திரும்பச் சேர்த்து 179 நிமிட நீள வடிவத்தை உருவாக்கியது. அதன் பிறகு வீட்டுக்கு வந்த எம்ஜிஎம் டிஸ்க்குகளில், 2009, 2014 இரண்டிலுமே, நீள வடிவம் மட்டும்தான். 161 நிமிட வடிவத்தை எச்டி தரத்தில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நானும் காத்திருந்தவர்களில் ஒருவன்.

கூடுதல் 18 நிமிடம் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். பிரச்சினை குரலில் இருக்கிறது. அந்தக் காட்சிகள் ஆங்கில வடிவத்தில் இடம்பெறாததால் அவற்றுக்கு ஆங்கில டப்பிங்கே இல்லை. அதனால் 2003 புதுப்பிப்புக்காக கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் ஈலை வாலக்கையும் அழைத்துப் புதிதாகப் பேச வைத்தார்கள். படம் எடுத்தபோது ஈஸ்ட்வுட்டுக்கு 36 வயது, பேசும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். வாலக்குக்கு எடுத்தபோது 50, பேசும்போது 85-க்கு மேல். லீ வான் கிளீஃப் 1989-லேயே இறந்துவிட்டார். அவருக்காக சைமன் பிரெஸ்காட் என்ற குரல் நடிகர் பேசினார். வாலக் தன் பழைய துள்ளலை எவ்வளவு முயன்று திரும்பக் கொண்டுவருகிறார் என்பது கேட்கும்போதே தெரிகிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் டூகோவின் முகம் வேறு, குரல் வேறு என்று காது சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு காட்சியில் இளைய குரல், அடுத்த காட்சியில் கிழக்குரல், மறுபடி இளைய குரல். படத்துக்குள் மூழ்கியிருக்கும் ஆளை ஒவ்வொரு முறையும் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இந்தப் படத்தில் எல்லாக் குரலுமே டப்பிங்தான். இத்தாலியில் அந்தக் காலத்தில் ஒலியை உடனுக்குடன் பதிவு செய்யும் வழக்கமில்லை. அமெரிக்க நடிகர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள், மற்றவர்கள் அவரவர் மொழியில் பேசினார்கள், எல்லாவற்றையும் பிறகுதான் ஒட்டினார்கள். உதடு பொருந்தாத இடங்கள் 161 நிமிட வடிவத்திலும் ஏராளம். உண்மைதான். ஆனால் உதடு பொருந்தாததைக் காது சில நிமிடங்களில் பழகிக்கொள்கிறது. வயது பொருந்தாததைப் பழகிக்கொள்வதில்லை. பழைய டப்பிங்கில் மூன்று பேரும் அந்த வயதில் அந்தப் பாத்திரமாகவே பேசியிருக்கிறார்கள்.

கூடுதல் காட்சிகளின் தகுதியையும் பார்க்க வேண்டும். எல்லாமே வீண் இல்லை. வில்லன் ஏஞ்சல் ஐஸ் (லீ வான் கிளீஃப்) காயம்பட்ட வீரர்கள் நிறைந்த ஒரு பாழடைந்த கோட்டைக்குப் போய் விசாரிக்கும் காட்சி எனக்குப் பிடிக்கும். இரக்கமே இல்லாத அந்த மனிதன் அங்கே கிடப்பவர்களைப் பார்த்து ஒரு கணம் நிற்கிறான். அவன் எப்படிக் கைதி முகாமுக்கு வந்து சேர்ந்தான் என்ற ஓட்டையையும் அது அடைக்கிறது. பாலைவனத்தில் தாகத்தில் சாகக் கிடக்கும் பிளாண்டிக்கு முன்னால் டூகோ தண்ணீரில் கால் நனைக்கும் இடமும் பரவாயில்லை.

குகைக் காட்சிதான் வேறு கதை. டூகோ ஒரு கோழியோடு வந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க, மூன்று பழைய கூட்டாளிகள் மேலேயிருந்து கயிற்றில் இறங்குகிறார்கள். ரோம் நகரில் முதல் காட்சி முடிந்ததுமே லியோனி கையோடு வெட்டிய பகுதி இது. இத்தாலியில் பரவலாக ஓடிய பிரிண்டிலும் இது இல்லை. இயக்குநர் வேண்டாம் என்று எடுத்துவிட்டதை அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து உள்ளே திணித்து, அதற்குப் புதிதாகக் குரலும் கொடுத்து, முழுமையான வடிவம் என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தின் வேகமும் அங்கே தடுக்கி விழுகிறது. பிளாண்டியைத் தேடி டூகோ வெறியோடு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு தேவையே இல்லை.

துப்பாக்கிச் சத்தத்தையும் சொல்ல வேண்டும். 2003-இல் பல ஸ்பீக்கர்களுக்காகச் செய்த 5.1 ஒலிக்கலவையில் வெடிச்சத்தங்கள் பலவற்றைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது லியோனி படத்தின் சத்தம் இல்லை. கினோ டிஸ்கில் 161 நிமிட வடிவத்தோடு மோனோ ஒலி, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி, இருக்கிறது. வாங்கினால் மெனுவுக்குப் போய் முதல் வேலையாக அதைத் தேர்ந்தெடுங்கள். கல்லறையில் டூகோ ஓடும் காட்சியில் என்னியோ மோரிகோனியின் இசை ஒரே ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. அந்த இசைக்கு நான்கு பக்கச் சத்தம் தேவைப்படவில்லை.

ஆக, 161 நிமிட வடிவம், மோனோ ஒலி, நேர்மையான நிறம். நான் சொன்ன நான்கு வழிகளில் மூன்றும் சேர்ந்து கிடைப்பது 2017 பதிப்பிலும் 2021 4கே பதிப்பிலும்தான். இரண்டில் எது? இதில் வீட்டு முகவரியும் ஒரு கணக்கு. ப்ளூ-ரே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு உண்டு, அதாவது ஒரு பகுதிக்கான டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா சி. கினோவின் 2017 ப்ளூ-ரே ஏ ரீஜனுக்கானது. டொரொன்டோவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்குக் கவலையில்லை. சென்னையில் வாங்கிய சாதாரண பிளேயரில் அது ஓடாது, லண்டனிலும் அதே நிலைதான். 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே 4கே டிஸ்கை ஓட்டும் என்பதால் தனி பிளேயர் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிஎஸ்4 ஓட்டாது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரி வரக்கூடும். அதையும் விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

2017 பதிப்பு ஏற்கெனவே கையில் இருந்து, பிளேயரிலும் ஓடுகிறது என்றால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அதில் இரண்டு வடிவங்களும் தனித்தனி டிஸ்கில் இருப்பது ஒரு வசதி. ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை. 2021 பதிப்பில் 4கே தரத்தில் வருவது 161 நிமிட வடிவம் மட்டுமே. எனக்கு அது குறையாகப் படவில்லை, நீள வடிவத்தோடு வளர்ந்தவர்களுக்குப் படலாம். முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: குறுகிய வடிவத்தில் தொடங்குங்கள்.

இனி வரும் பதிப்புகளில் நான் எதிர்பார்ப்பது ஒன்று இருக்கிறது. 1966-இல் இத்தாலியத் தியேட்டர்களில் ஓடிய அதே வடிவம், குகைக் காட்சி இல்லாமல், 4கே தரத்தில், அன்றைய இத்தாலிய மோனோ ஒலியோடும் ஆங்கில சப்டைட்டிலோடும் வேண்டும். இத்தாலிய டப்பிங்கில் ஈஸ்ட்வுட்டுக்கு என்ரிகோ மரியா சலேர்னோ பேசியிருக்கிறார். அது ஈஸ்ட்வுட்டின் குரல் இல்லைதான். ஆனால் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே மனிதர், ஒரே வயதில் பேசுகிறார். பாழடைந்த கோட்டைக் காட்சியை எந்த உறுத்தலும் இல்லாமல் பார்க்க அதுதான் வழி. அப்படி ஒரு டிஸ்க் வந்தால், கையில் இருப்பதை விற்காமல் அதையும் வாங்குவேன்.