சுத்தியல் இல்லாத பெல்மேட்டிக்: வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய அலாரம் கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள், குறிப்பாக ஜப்பானின் சீக்கோ கம்பெனி செய்த பெல்மேட்டிக் அலாரம் வாட்ச் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

எனக்கு ஒன்றை விற்றவர் மும்பைக்காரர், வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில். "1967 மாடல், 27 ஜூவல்ஸ், ஒரிஜினல் டயல், அலாரம் பக்கா" என்றார். (ஜூவல்ஸ் என்பது தேய்மானம் குறைய எந்திரத்தில் பதிக்கும் சிறு கற்கள்.) அலாரம் அடிக்கும் வீடியோவும் வந்தது. யூபிஐயில் 14,000 ரூபாய் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததுமே டயல் பளபளத்தது. ஐம்பது வருஷ வாட்ச்சுக்கு அதுவே கெட்ட சகுனம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மை ஊறித் தடித்திருக்கிறது. டயலின் அடிவிளிம்பில் 4006 என்று தொடங்கும் பொடி எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த இடம் மொட்டை. ரீடயல்தான், அதாவது மறுபடி பெயிண்ட் அடித்து எழுதிய டயல், சந்தேகமே இல்லை. வருஷமும் பொய். சீக்கோ பின்மூடியிலுள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அடுத்தது மாதத்தையும் சொல்லும். இதில் இருப்பது 4N. பெல்மேட்டிக் வந்ததே 1966இல் என்பதால் இது 1974 நவம்பர்.

சரி, ரீடயலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலாரம்? இரண்டு மணிப் பக்கத்துப் பட்டனை வெளியே இழுத்து, உள்வளையத்தின் குறியை நேரத்துக்கு வைத்துக் காத்திருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. கேட்டதற்கு "நன்றாகச் சாவி கொடுங்கள் சார்" என்று பதில். பெல்மேட்டிக்கில் நேரம் ஓடுவதற்கான ஸ்பிரிங் கை அசைவில்தான் ஏறும். சாவி கொடுத்தால் ஏறுவது அலாரம் ஸ்பிரிங் மட்டுமே. அது எவ்வளவு திருகினாலும் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எங்கள் ஏரியா வாட்ச் ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்தார். மணியடிக்கும் சுத்தியலே உள்ளே இல்லை. எந்திரத்தில் பொறித்திருந்தது 17 ஜூவல்ஸ். டயலில் 27 என்று எழுதப் பெயிண்ட் போதுமே! "தம்பி, மூணு வாட்ச்சைச் சேத்து ஒண்ணு பண்ணியிருக்காங்க" என்றார் அவர்.

அந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பட்டனை இழுப்பதும் இல்லை, முள் அலாரம் நேரத்தைத் தொடுவதும் இல்லை. வாட்ச்சின் முகம், மேலே ஒட்டிய சத்தம், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "விண்டேஜுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார், பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். சைபர் உதவி எண் 1930இல் புகார் பதிந்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்குவதானால் வெட்டு இல்லாத ஒரே வீடியோ கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய தாள் பக்கத்தில் இருக்கட்டும். பட்டனை இழுத்து, முள்ளைத் திருப்பி அலாரம் அடிக்க வைத்து, பட்டனை அமுக்கி நிறுத்திக் காட்டட்டும். பின்மூடி திறந்த படமும் வேண்டும். திறக்கத் தெரியாது என்று இழுத்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ரஷ்யாவின் பொல்யோட் அலாரம் தேடுபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அதற்கும் புது டயல் அடித்து விற்பவர்கள் உண்டு.

நேற்று நண்பர் ஒருவருக்கு அதே ஆள் நீல டயல் பெல்மேட்டிக் ஒன்றை அனுப்பிக் காட்டியிருக்கிறார். கூட வந்த வீடியோவில் கேட்பது என் வாட்ச்சுக்கு ஒட்டிய அதே சத்தம்.